ஜீப்புக்கு ஆக்சில், லாக்கர், ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பது எப்படி?



மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நமது சங்கக் கூட்டங்களுக்கு வரும் இளைஞர்கள் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கியிருக்கிறேன். லாக்கர் போடலாமா? வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தலாமா?" சென்ற மாதம் தாராவியிலிருந்து வந்த ஓர் அன்பரின் கேள்வி வேறு விதமாக இருந்தது. "பையன் ஜீப்புக்குச் சாமான் வாங்க இரண்டு லட்சம் கேட்கிறான். கொடுக்கலாமா, வேண்டாமா?" இரு தரப்பாருக்கும் பயன்படட்டும் என்றே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ரெயில்வேயில் வேலை பார்த்தவனுக்கும் ஜீப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். ஆக்சில் எங்கிருந்தாலும் ஆக்சில்தான். இரும்பு ஏன் உடைகிறது என்பதை உலகம் கற்றுக்கொண்டதே ரெயில் ஆக்சிலை வைத்துத்தான். 1842-இல் பிரான்சில் வெர்சாய் பாதையில் ஓர் இஞ்சினின் ஆக்சில் முறிந்து பெரும் விபத்து நடந்தது. அதன் பிறகு ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரெயில்வே பொறியாளர் பல ஆண்டுகள் ஆக்சில்களைச் சோதித்து, ஒரே தடவை தாங்கக்கூடிய சுமையைவிடக் குறைந்த சுமையே திரும்பத் திரும்ப வந்தாலும் இரும்பு களைத்து முறியும் என்று நிரூபித்தார். இந்த ஒரு பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் ஜீப் விஷயத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஜீப்புக்கும் நமது நகரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1940களின் இறுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்களின் பாகங்கள் கப்பலில் வந்து, இங்கே மஜ்காவ் பகுதியில்தான் மஹிந்திரா நிறுவனத்தாரால் பூட்டப்பட்டன. இன்று நம் ஊர் மலைப் பாதைகளில் ஓடும் ஜீப்களின் வம்சாவளி அங்கே தொடங்குகிறது.

ரெயில் சக்கரமும் ஜீப் சக்கரமும்

ரெயில் பெட்டியில் இரண்டு சக்கரங்களும் ஒரே ஆக்சிலில் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்று சுற்றினால் மற்றதும் அதே அளவு சுற்றியே ஆக வேண்டும். அப்படியானால் வளைவில் எப்படித் திரும்புகிறது? சக்கரத்தின் விளிம்புப் பரப்பு 20-க்கு 1 என்ற அளவில் சரிவாகக் கடையப்பட்டிருக்கிறது. வளைவில் வண்டி வெளிப்புறம் நகரும்போது வெளிச் சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உள் சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் ஓடிச் சரிசெய்துகொள்கின்றன.

சாலை வண்டிக்கு இந்த வசதி கிடையாது. சக்கரங்களுக்கிடையே 1.4 மீட்டர் அகலமுள்ள ஜீப் ஒரு முழு யூ-டர்ன் அடித்தால் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட ஏறக்குறைய 4.4 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். இதற்காகத்தான் டிஃபரன்ஷியல் வந்தது. பிரான்சு நாட்டு பெக்கர் என்பவர் 1827-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிட்டு, இரண்டுக்கும் சமமான திருகு விசையைக் கொடுப்பது இதன் வேலை.

அந்தச் சமத்துவமே சேற்றில் பகையாகிறது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதற்குத் தேவையான விசை மிகச் சிறிது. மறு சக்கரத்துக்கும் அதே சிறிய விசைதான் போகும். வழுக்கும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், கெட்டித் தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். ஃபோர் வீல் டிரைவிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என மூலைக்கு மூலை இரு சக்கரங்கள் பிடிப்பை இழந்தால் வண்டி நின்றுவிடும். நான்கு சக்கர வண்டி ஏன் மாட்டிக்கொண்டது என்று பலர் வியப்பது இதனால்தான்.

லாக்கர் வகைகள்

லாக்கர் என்பது தேவைப்படும்போது டிஃபரன்ஷியலைப் பூட்டி, இரு சக்கரங்களையும் ரெயில் சக்கரம் போல ஒன்றாகச் சுற்ற வைக்கும் சாதனம். ஆனால் லாக்கர் என்ற பெயரில் கடைகளில் பல சாமான்கள் விற்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, லிமிடெட் ஸ்லிப் வகை. உள்ளே கிளட்ச் தட்டுகள் உராய்ந்து, வழுக்காத சக்கரத்துக்கும் ஓரளவு விசையைத் தள்ளும். முழுமையாகப் பூட்டாது. தட்டுகள் தேயும். அதற்கென்று சொல்லப்பட்ட ஆயிலையே ஊற்ற வேண்டும். மழைக்காலச் சாலைக்கும் சாதாரண மண் பாதைக்கும் இது போதும்.

இரண்டாவது, தானாகப் பூட்டும் வகை. டெட்ராய்ட் லாக்கர் என்பது இதில் பெயர் பெற்றது. எப்போதும் பூட்டிய நிலையில் இருந்து, திரும்பும்போது மட்டும் வெளிச் சக்கரத்தை விடுவிக்கும். உறுதியானது. ஆனால் நகரத்தில் திரும்பும்போதெல்லாம் 'டக்' என்று சத்தம் போடும், டயரைத் தேய்க்கும், மழையில் வழுக்கும் தார்ச் சாலையில் பின்பக்கத்தை இழுக்கும். தினமும் செம்பூரிலிருந்து அந்தேரிக்கு வேலைக்குப் போகும் வண்டிக்கு இது பொருந்தாது.

மூன்றாவது, சக்கரச் சுழற்சி வேறுபாட்டைப் பார்த்துப் பூட்டும் வகை. ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக்கர் இப்படிப்பட்டது. இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வித்தியாசம் வந்தால் பூட்டிக்கொள்ளும். வேகம் கூடிய நிலையில் பூட்டாது. 2020-இல் வந்த புதிய தார் வண்டியின் சில வகைகளில் கம்பெனியே பின் ஆக்சிலில் இதைப் பொருத்திக் கொடுத்தது.

நான்காவது, ஓட்டுநர் விரும்பும்போது பூட்டும் வகை. காற்று, மின்சாரம், கம்பி என மூன்று வழிகளில் இயங்குபவை உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. ஏர் லாக்கர் காற்றால் இயங்குவது. புனேயைச் சேர்ந்த ஃபோர்ஸ் நிறுவனத்தின் கூர்க்கா வண்டியில் முன், பின் இரண்டு ஆக்சில்களுக்கும் கம்பெனி லாக்கர் உண்டு. சாலையில் சாதாரண டிஃபரன்ஷியலாகவும், சேற்றில் முழுப் பூட்டாகவும் இருப்பதால் இதுவே சிறந்தது, விலையும் அதிகம்.

இவற்றைத் தவிர, 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிம்னி போன்ற வண்டிகளில் வழுக்கும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, விசையை மறு பக்கம் அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. குடும்பத்துடன் ஊர் சுற்றுபவர்களுக்கு இதுவே பெரும்பாலும் போதுமானது.

ஒரு லாக்கர்தான் வாங்க முடியும் என்றால் பின் ஆக்சிலுக்கு வாங்குங்கள். மேடேறும்போது எடை பின்னால் சாய்கிறது, பிடிப்பும் அங்கேதான் கூடுகிறது. முன் ஆக்சிலைப் பூட்டினால் ஸ்டியரிங் திரும்ப மறுக்கும்.

டிஃபரன்ஷியல் பற்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவதைச் சிலர் மலிவான லாக்கர் என்கிறார்கள். பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு இதை யாரும் செய்யக்கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஆக்சில் தண்டு முறுக்கப்படும். என்றைக்கு முறியும் என்பதுதான் கேள்வி.

ஆக்சிலைப் பார்த்தபின் லாக்கர்

இளைஞர்கள் முதலில் லாக்கரை வாங்கிவிட்டு, பிறகு ஆக்சில் உடைந்தது என்று வருகிறார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பின் ஆக்சில் மீது 900 கிலோ எடை, சக்கர ஆரம் 0.35 மீட்டர், தரைப் பிடிப்பு 0.8 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண டிஃபரன்ஷியலில் இரு சக்கரமும் தரையில் இருக்கும்போது ஒவ்வொரு தண்டுக்கும் வரும் அதிகபட்ச முறுக்கு 450 × 0.35 × 0.8, அதாவது 126 கிலோ-மீட்டர். அதற்கு மேல் சக்கரம் வழுக்கிவிடும், தண்டு தப்பிக்கும். லாக்கர் போட்டு ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் 900 கிலோவும் மறு சக்கரத்தின் மேல் வரும். அந்த ஒரே தண்டு 252 கிலோ-மீட்டர் தாங்க வேண்டும். லாக்கர் போட்டவுடன் தண்டின் சுமை இரட்டிப்பாகலாம் என்பதே இதன் பொருள். டயர் பெரிதானால் ஆரமும் கூடி, முறுக்கு இன்னும் ஏறும்.

தண்டின் முறுக்கு வலிமை அதன் விட்டத்தின் மூன்றாம் மடிப்பைப் பொறுத்தது. 30 மி.மீ. தண்டுக்குப் பதில் அதே எஃகில் 33 மி.மீ. தண்டு போட்டால், விட்டம் கூடியது பத்து சதவீதம், வலிமை கூடியது 33 சதவீதம். ஆகவே கடைக்காரர் பிராண்டுப் பெயரைச் சொல்லும்போது, நீங்கள் ஸ்பிளைன் பற்களின் எண்ணிக்கையையும் அவற்றின் அடியில் தண்டின் விட்டத்தையும் கேளுங்கள்.

அடுத்தது, ஆக்சில் செமி ஃப்ளோட்டிங்கா, ஃபுல் ஃப்ளோட்டிங்கா என்பது. செமி ஃப்ளோட்டிங்கில் ஒரே தண்டு வண்டியின் எடையையும் தாங்கி, சக்கரத்தையும் சுற்றுகிறது. வெளிமுனையில் தண்டு முறிந்தால் சக்கரமே கழன்று ஓடும். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் எடையை ஆக்சில் கூட்டின் முனையிலுள்ள இரண்டு பேரிங்குகள் தாங்குகின்றன. தண்டுக்குச் சுற்றும் வேலை மட்டுமே. முறிந்தாலும் சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும், போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை உருவிவிடலாம். பழைய இராணுவ வில்லிஸ் ஜீப்பின் பின் ஆக்சில் ஃபுல் ஃப்ளோட்டிங் வகை. இராணுவத்துக்கு ஓடும் அசோக் லேலண்ட் ஸ்டாலியன் போன்ற கனரக லாரிகளிலும் இதுதான். பளு ஏற்றி மலைப் பாதையில் ஓட்டுபவர்கள் இதையே தேட வேண்டும். மனைவி மக்களுடன் கொடைக்கானல் மலை இறங்கும்போது சக்கரம் கழல்வதும் கழலாததும் இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது.

பல் விகிதம்

கிரவுன் வீல் பற்களைப் பினியன் பற்களால் வகுத்தால் வருவது ஆக்சில் விகிதம். 39-ஐ 8-ஆல் வகுத்தால் 4.88, 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5.38. வில்லிஸ் வம்ச ஜீப்களில் இவ்விரண்டும் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இங்கேதான் ஆபத்து. முன் ஆக்சில் ஒரு விகிதமும் பின் ஆக்சில் மற்றொன்றுமாக இருந்தால், டூ வீல் டிரைவில் ஒன்றும் தெரியாது. ஃபோர் வீல் போட்டவுடன் ஒவ்வொரு பத்துக் கிலோமீட்டருக்கும் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு முன்னும் பின்னும் சண்டை போடும். பலியாவது டிரான்ஸ்பர் கேஸ். பழைய ஆக்சில் வாங்கும்போது பற்களை எண்ணாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டும் சரியாக இருந்தாலும் காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டக் கூடாது. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டிகளில் திரும்பும்போது முன், பின் ஆக்சில்களுக்கிடையே முறுக்கு ஏறிக்கொண்டே போகும். சேறும் மணலும் அதை வழுக்கி விட்டுவிடும், தார் விடாது.

28 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குல டயர் மாட்டினால் 4.88 என்ற விகிதம் செயலளவில் 4.40 ஆகிவிடும். இழுவை குறையும், கிளட்ச் தேயும், ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். பெரிய டயர் வாங்குபவர் இத்தனைக்கும் சேர்த்துத்தான் செலவைக் கணக்கிட வேண்டும்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்

பட்டை ஸ்பிரிங்கை இங்குள்ள மெக்கானிக்குகள் 'கமானி' என்பார்கள். பழைய மஹிந்திரா ஜீப்களிலும் 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸியிலும் இதுதான். இதன் விறைப்பு பட்டையின் தடிமனின் மூன்றாம் மடிப்பைப் பொறுத்தது. 6 மி.மீ. பட்டைகளை 7 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய 59 சதவீதம் கூடும். 'கொஞ்சம் கனமான கமானி போட்டுத் தருகிறேன்' என்பதில் உள்ள 'கொஞ்சம்' எவ்வளவு என்று இதிலிருந்து தெரியும். விறைப்பான ஸ்பிரிங் பளுவைத் தாங்கும். ஆனால் மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்பும், பிடிப்புப் போகும், பயணிகளின் இடுப்பும் போகும். மெல்லிய பட்டைகள் பல சேர்ந்த நீளமான ஸ்பிரிங் குடும்ப வண்டிக்கு ஏற்றது.

வண்டியை உயர்த்த நினைப்பவர்கள் ஷாக்கிளை நீட்டிவிடுகிறார்கள். ஷாக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது ஓர் அங்குலமே. அதோடு முன் ஆக்சிலின் சாய்வுக் கோணம் மாறி ஸ்டியரிங் அலையத் தொடங்கும். உயர்த்தியபின் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்ட் கோணம் கூடிவிட்டதா, ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு விரிந்து முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். யூ போல்ட்டைக் கழற்றினால் புதியதையே மாட்ட வேண்டும். ஒருமுறை இறுக்கி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது.

எல்லாவற்றுக்கும் மேலானது கவிழும் அபாயம். சக்கர அகலம் 1.4 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 65 செ.மீ. என்றால் வண்டி ஏறத்தாழ 47 பாகை சாய்வு வரை நிற்கும். பெரிய டயரும் லிஃப்டும் சேர்ந்து மையத்தைப் பத்து செ.மீ. உயர்த்தினால் அது 43 பாகையாகும். கூரையில் பெட்டிகளைக் கட்டினால் இன்னும் குறையும். இது நின்ற வண்டியின் கணக்கு. வேகத்தில் திடீரென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் மிச்சம் இருக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு.

குர்லாவில் பழைய சாமான் வாங்கும்போது

நம்மில் பலர் சாமான் தேடிப் போகும் இடம் குர்லா சி.எஸ்.டி. ரோடு. இந்த மூன்று எழுத்துகள் சென்ட்ரல் சால்செட் டிராம்வே என்ற ரெயில் பாதையைக் குறிப்பவை. டிராம்பேயிலிருந்து குர்லா வழியாக அந்தேரிக்கு 1928-இல் தொடங்கிய அப்பாதை 1934-இல் மூடப்பட்டது. தண்டவாளம் போய்விட்டது, பெயரும் பழைய இரும்பும் மிஞ்சியிருக்கின்றன!

அங்கே வாங்கும் ஆக்சில் தண்டை ரெயில்வே ஒர்க்ஷாப்களில் அந்நாளில் செய்தது போலச் சோதிக்கலாம். தண்டை நன்றாகத் துடைத்து மண்ணெண்ணெயும் மெல்லிய ஆயிலும் கலந்து பூசி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு உலரத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். விரிசல் இருந்தால் அதனுள் புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கருங்கோடாகத் தெரியும். ஸ்பிளைன் முடியும் இடத்திலும், தட்டு தொடங்கும் வளைவிலும் கவனமாகப் பாருங்கள். வோலர் சொன்ன களைப்பு முதலில் தலைகாட்டுவது அங்கேதான். ஸ்பிளைன் பற்கள் நேர்கோட்டில் இல்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தத் தண்டு தன் ஆயுளை முடித்துவிட்டது. வெல்டிங் வைத்து நிமிர்த்திய ஆக்சில் கூட்டையும் தொடாதீர்கள். ஆக்சிலில் உள்ளே விரிசல் இருந்தால் மேற்பூச்சுச் சோதனைக்குத் தெரியாது. ஆகவே மலைப் பாதைக்கு ஓடப்போகும் தண்டைப் புதிதாகவே வாங்குவது நல்லது. கூடு, ஹப் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம்.

டிஃபரன்ஷியல் ஆயிலையும் பாருங்கள். பால் கலந்த காப்பி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டி, எத்தனை வண்டிகள் மூழ்கின என்பது நமக்கு நினைவிருக்கும். வெள்ளத்தில் கிடந்த வண்டியின் பேரிங்குகள் வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும். சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கினால் குளிர்ந்து, மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்தக் குழாயில் ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி இஞ்சின் உயரத்துக்குக் கொண்டுபோனால் போதும். செலவு சொற்பம், பயன் பெரிது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது. சொந்த வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்து மறுபதிவுக்குப் போகும்போதும் பரிசோதனை உண்டு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் மாற்றங்களைப் பற்றித்தான். தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே அளவுள்ள நல்ல பாகத்தை மாட்டுவது பழுதுபார்ப்பு. ஆக்சிலை மாற்றுவது, வண்டியை உயர்த்துவது போன்றவற்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்காமல் செய்யாதீர்கள். லாக்கர் வேண்டுமென்றால் கம்பெனியே பொருத்திக் கொடுக்கும் வண்டியை வாங்குவது எல்லா வகையிலும் நிம்மதி.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது?

முதலில் பிரேக், ஸ்டியரிங், பேரிங், புஷ் ஆகியவற்றைப் புதிதாக்குங்கள். இரண்டாவது, கம்பெனி சொன்ன அளவில் நல்ல டயர். மண்ணிலும் மணலிலும் டயர் காற்றைச் சிறிது குறைத்து ஓட்டினால் பிடிப்புக் கூடும். தார்ச் சாலைக்கு வருமுன் மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். நான்காவது, ஆக்சில் தண்டுகள். லாக்கர் கடைசியில்தான். இந்த வரிசையில் போனால் பெரும்பாலோருக்கு மூன்றாம் படியிலேயே தேவை தீர்ந்துவிடும்.

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சூரியநெல்லியிலிருந்து கல்லும் பாறையுமான பாதையில் ஜீப்கள் தினந்தோறும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சாதாரண மஹிந்திரா ஜீப்கள். அவற்றை ஏற்றுவது தாழ்ந்த கியர், நிதானமான கால், ஒவ்வொரு கல்லையும் அறிந்த ஓட்டுநரின் கண்.

ஆகவே தாராவி அன்பருக்கு என் பதில் இதுதான்: இரண்டு லட்சத்தையும் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம். முதல் படிக்கு வேண்டியதைக் கொடுங்கள். பையனுடன் நீங்களும் குர்லாவுக்குப் போங்கள். கிரவுன் வீல் பற்களை இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். அடுத்த படி தேவையா என்பதை ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்தபின் அவனே சொல்வான்.

இது குறித்து ஐயங்கள் இருந்தால் வாசகர்கள் ஆசிரியர் குழுவுக்கு எழுதலாம். தெரிந்தவரை அடுத்த இதழ்களில் விளக்குகிறேன்.